மேக்ரோவா, டெலியா, விளக்கா: வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் படமெடுக்க எதைத் தேர்ந்தெடுப்பது?

வண்ணத்துப்பூச்சிகளைப் படமெடுக்க ஆரம்பிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மேக்ரோ லென்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். சின்ன உயிர், ஆகவே மேக்ரோ என்று பாதி முடிவு அந்தக் கேள்விக்குள்ளேயே எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வெயில் ஏறிய பிறகு ஒரு வண்ணத்துப்பூச்சி நம்மை எவ்வளவு பக்கத்தில் விடும் என்று பார்த்தால் கணக்கே மாறிவிடுகிறது. ஒன்றரை மீட்டர் தூரத்திலேயே எழுந்து பறந்துவிடும் பூச்சிக்கு முன்னால், பதினைந்து சென்டிமீட்டரில் வேலை செய்யும் லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால் லென்ஸைக் கடைசியில் பார்ப்பதுதான் சரி என்பது என் எண்ணம். தேடப்போவது பகலிலா இரவிலா, பூச்சியின் உடம்பு சூடேறியிருக்கிறதா குளிர்ந்திருக்கிறதா, அது எதற்காக அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால், கையில் என்ன இருக்க வேண்டும் என்று தானாகவே புரிந்துவிடும்.

பகலில் தேடுவதா, இரவில் வரவழைப்பதா

இறக்கையில் செதில் உள்ள இந்தப் பூச்சிக் குடும்பங்களில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 1,60,000. அதில் வண்ணத்துப்பூச்சிகள் 18,000 சொச்சம்தான். மிச்சம் எல்லாம் அந்துப்பூச்சிகள். பத்தில் ஒன்பது பங்கு அந்துப்பூச்சிகளாக இருக்க, ஆர்வலர்களில் பெரும்பாலானோர் பகல் பக்கமே நிற்கிறோம். இது எனக்கு எப்போதும் ஆதங்கம்தான்.

பகலில் பூச்சியைத் தேடி நாம் போக வேண்டும். அது நம்மைப் பார்த்துக்கொண்டேயிருக்கும். இரவில் விளக்கைப் போட்டால் அது நம்மிடம் வருகிறது. வந்து உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலான அந்துப்பூச்சிகள் நகர்வதில்லை. பத்து சென்டிமீட்டருக்குள் கேமராவைக் கொண்டுபோனாலும் பேசாமல் இருக்கும். ஆகவே கையில் கைபேசி மட்டும்தான் இருக்கிறது, ஆனால் நிறைய இனங்களைப் பார்க்க வேண்டும், தெளிவான படமும் வேண்டும் என்றால் இரவுதான் வழி. பகல் தேடலில் நடை, வெயில், காத்திருப்பு எல்லாம் உண்டு. பதிலுக்கு நடத்தை கிடைக்கும். துரத்தல், கூடல், முட்டையிடல், மண்ணில் நீர் உறிஞ்சுதல் எல்லாமே பகலில் நம் கண் முன்னால் நடக்கின்றன. விளக்குத் துணியில் உட்கார்ந்த பூச்சி அழகாக இருக்கும். ஆனால் அது வாழ்கிற வாழ்க்கையைப் பற்றி அங்கே அதிகம் தெரியாது.

பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் நிறைய உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். உணர்கொம்பின் நுனி குண்டாக இல்லாமல் இழையாகவோ இறகாகவோ இருந்தால், எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் அது அநேகமாக அந்துப்பூச்சிதான்.

பகலுக்கான கருவி

இங்கேதான் குழப்பம் அதிகம், அதனால் இங்கேதான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

உண்மையான மேக்ரோ லென்ஸ் 1:1 வரை போகும். அதாவது 24 மி.மீ. நீளமுள்ள பூச்சி, 24 மி.மீ. அகல சென்சாரை, அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டை, முழுக்க நிரப்பும். அந்த அளவுக்குப் போக எவ்வளவு கிட்டே போக வேண்டும் என்பது லென்ஸின் குவிய நீளத்தைப் பொறுத்தது. 60 மி.மீ. மேக்ரோ என்றால் லென்ஸின் முன்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ., 100 மி.மீ. என்றால் 14 செ.மீ. அளவில், 180 மி.மீ. என்றால் 24 செ.மீ. விளம்பரத்தில் 100 மி.மீ. லென்ஸுக்குக் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 30 செ.மீ. என்று போட்டிருப்பார்கள். அது சென்சாரிலிருந்து அளந்தது. அதில் பாதியை லென்ஸும் கேமராவுமே அடைத்துக்கொள்ளும். வாங்குவதற்கு முன் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் பாருங்கள்.

இந்த மூன்றில் 60 மி.மீ. வகையை உயிருள்ள பகல் பூச்சிக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கிட்டே போனால் லென்ஸின் நிழலே பூச்சி மேல் விழும், அதோடு சரி. 180 தூரத்தைத் தரும், ஆனால் கனமானது, கையில் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் நடப்பது சிரமம். 100 அல்லது 105 தான் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் இடம். அதற்குக் காரணம் இருக்கிறது.

அப்புறம் டெலிலென்ஸ், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் நீள லென்ஸ். 55-250, 70-300, 100-400 மி.மீ. என்று பல ஸூம்கள், நீளமான முனையில் ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் ஆகின்றன. அவற்றின் உருப்பெருக்கம் 0.25 முதல் 0.3 வரை இருக்கும். கேட்க மிகக் குறைவாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 மி.மீ. அகல சென்சாரில் 0.3 மடங்கு என்றால் படத்துக்குள் 80 மி.மீ. அகலம் அடங்கும். ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வரை பரவியிருக்கும் வெந்தய வரியன் இறக்கையை விரித்தால் 7 முதல் 8 செ.மீ. அதாவது ஒரு மீட்டர் தள்ளி நின்று, பூச்சிக்குத் தெரியாமலேயே, படச்சட்டத்தை முழுக்க நிரப்பிவிடலாம். அழகிகள், வரியன்கள் போன்ற நடுத்தர, பெரிய இனங்களுக்கு 1:1 தேவையே இல்லை. அவ்வளவு கிட்டே போனால் இறக்கை படத்துக்கு வெளியே போய்விடும்.

இன்னொரு லாபம் ஃபோகஸ் ஆழத்தில். 1:1-ல், எஃப்/8 துளையில், தெளிவாகத் தெரியும் பகுதியின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண் தெளிவாக இருந்தால் உணர்கொம்பு மங்கலாகிவிடும். 0.3 மடங்கில் அதே துளையில் நான்கைந்து மில்லிமீட்டர் கிடைக்கும். போதாக்குறைக்கு, 1:1-ல் சென்சாருக்கு வந்து சேரும் வெளிச்சம் இரண்டு படி, அதாவது கால் பங்காகக் குறைந்துவிடும். எஃப்/8 என்று வைத்தாலும் அது எஃப்/16 போலத்தான் வேலை செய்யும். காட்டு நிழலில் இது பெரிய இழப்பு.

டெலிக்குத் தோல்வி எங்கே? நீலன்களிடம். இறக்கை விரித்தால் இரண்டு, மூன்று செ.மீ. தான் இருக்கும் இந்தச் சிறிய இனங்கள் 0.3 மடங்கில் படத்தின் நடுவே ஒரு பொட்டாக நிற்கும். முட்டை, இளம்புழு, இறக்கைச் செதில் இவற்றுக்கும் டெலி உதவாது.

இந்த இடைவெளியை நிரப்ப மலிவான வழி இரண்டு உண்டு: நீட்டிப்புக் குழாய், க்ளோஸ்-அப் லென்ஸ். இரண்டையும் ஒன்றுபோலப் பேசுகிறார்கள். இரண்டும் நேர்மாறான இடங்களில் பயன்படுபவை. குழாய் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே வைக்கும் வெற்றுக் குழல், உள்ளே கண்ணாடி கிடையாது. குழாயின் நீளத்தைக் குவிய நீளத்தால் வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் வரும். 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. குழாய் போட்டால் அரை மடங்கு கூடும், ஆனால் பூச்சியின் மேலேயே போய் நிற்க வேண்டியிருக்கும். அதே குழாயை 250 மி.மீ. டெலியில் போட்டால் வெறும் 0.1 மடங்குதான் கூடும்.

க்ளோஸ்-அப் லென்ஸ், டெலியின் முன்பக்கம் ஃபில்டர் மாதிரி திருகிக்கொள்ளும் கண்ணாடி. இதன் கணக்கு தலைகீழ்: லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு பலன். +2 டயாப்டர் (கண்ணாடியின் சக்தியைச் சொல்லும் அளவு) கண்ணாடியை 250 மி.மீ. டெலியில் மாட்டினால், பூச்சியிலிருந்து 50 செ.மீ. தள்ளி நின்றே அரை மடங்கு கிடைக்கிறது. நீலன்களுக்கு இது மிகச் சரியான அளவு. 100 மி.மீ. மேக்ரோவில் அரை மடங்குக்கு இதைவிடக் கிட்டே போக வேண்டும். +5 அளவில் உள்ள கண்ணாடியை 200 மி.மீ. லென்ஸில் போட்டால் 20 செ.மீ. தூரத்தில் 1:1-ஐயே தொட்டுவிடலாம். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். ஒற்றைக் கண்ணாடி வகையில் ஓரங்களில் நிறம் பிரியும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த வகையில் அந்தக் குறை வெகுவாகக் குறைந்திருக்கும். ரேநாக்ஸ் டி.சி.ஆர்-150 போன்றவை கிளிப் போல மாட்டிக் கழற்றக் கூடியவை, அதன் சக்தி +4.8. மாட்டிக் கழற்றும் வசதி சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் +2 மாட்டியிருக்கும்போது அரை மீட்டருக்கு அப்பால் எதையும் ஃபோகஸ் செய்ய முடியாது. பூச்சி எழுந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், திருகிக் கழற்றுவதற்குள் அது அடுத்த செடிக்குப் போயிருக்கும்.

ஆக, பகலில் நடந்து தேடுகிறவர் ஒன்றே ஒன்று வாங்குவதானால், கிட்டே ஃபோகஸ் ஆகும் டெலி ஸூமும் ஒரு நல்ல க்ளோஸ்-அப் லென்ஸும் என்பதே என் தீர்ப்பு. ஏற்கெனவே டெலி இருக்கிறவர்களுக்குச் செலவு கண்ணாடிக்கு மட்டும்தான். 100 மி.மீ. மேக்ரோ, முட்டையிலிருந்து கூட்டுப்புழு வரை ஒரே செடியில் உட்கார்ந்து பின்தொடர விரும்புகிறவர்களுக்கும், அதிகாலையில் எழுந்து போகிறவர்களுக்கும். அந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

விடிகாலையா, உச்சிவெயிலா

வண்ணத்துப்பூச்சியால் உடம்புச் சூட்டை உள்ளிருந்து தேவைக்கு உண்டாக்கிக்கொள்ள முடியாது. மார்புத் தசைகள் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ சூடேறினால்தான் நன்றாகப் பறக்க முடியும். அதனால் சூரியன் மேலே வரும்வரை அது புல் நுனியிலோ இலையடியிலோ இரவு உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். பனித்துளியோடு இருக்கும் அந்தப் பூச்சியின் பக்கத்தில் முக்காலியை வைத்து, 1:1-ல், மெதுவான ஷட்டரில், ஐ.எஸ்.ஓ.-வை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஏற்றாமல் படமெடுக்கலாம். பகலில் பயனில்லாத மேக்ரோ இந்த ஒரு மணி நேரத்தில் வேறு எந்த லென்ஸாலும் ஈடுகட்ட முடியாததாகிவிடுகிறது. நல்ல லென்ஸ் வாங்கப் பணம் இல்லையே என்று வருந்துகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள், சாதாரண கருவியே போதும்.

இதில் ஒரே சிரமம், பறக்காத பூச்சியைக் கண்டுபிடிப்பது. முந்தின நாள் மாலை வெயில் தாழும் நேரத்தில் போய், அவை எந்தச் செடியில் இறங்குகின்றன என்று பார்த்து வைத்துக்கொள்வதுதான் சுலபமான வழி. சில இனங்கள் கூட்டமாக ஒரே கொடியில் தங்கும்.

வெயில் விழுந்ததும் அடுத்த கட்டம், குளிர்காய்தல். சில இனங்கள் இறக்கையை முழுக்க விரித்து முதுகை வெயிலுக்குக் காட்டும். மேல்பக்கத்துப் படம் வேண்டுமென்றால் இந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது. இன்னும் சில இனங்கள், குறிப்பாக மஞ்சள் நிறச் சிறு இனங்கள், இறக்கையை மூடியே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் வெயிலுக்குச் சாயும். அவற்றின் மேல்பக்கத்துக்காக மணிக்கணக்கில் காத்திருப்பது வீண். வெயில் மேகத்துக்குள் போய் மறுபடி வெளியே வரும் நாட்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒவ்வொரு முறை மேகம் விலகும்போதும் அவை மீண்டும் இறக்கையை விரிக்கும். ஒரே நாளில் பல விடிகாலைகள் கிடைக்கும்.

உச்சிவெயிலில் சுறுசுறுப்பு அதிகம், படம் குறைவு. ஒளியும் கடுமையாக இருக்கும். நடத்தையைப் பார்க்க நல்ல நேரம். அந்நேரம் கேமராவை வைத்துவிட்டு, அரை மீட்டரிலேயே ஃபோகஸ் ஆகும் பென்டாக்ஸ் பாப்பிலியோ மாதிரியான இருநோக்கியால் பார்ப்பது இன்னும் சந்தோஷம் தரும்.

நடப்பதா, ஓரிடத்தில் உட்கார்வதா

நடந்தால் எண்ணிக்கை, உட்கார்ந்தால் படம். வெறுமனே உட்கார்வதில் பயனில்லை. பூச்சி எதற்காக வரும் என்று தெரிந்த இடத்தில் உட்கார வேண்டும்.

ஈர மணல், ஓடைக்கரைச் சேறு முதல் இடம். அங்கே கூடுபவை பெரும்பாலும் ஆண்கள். ஈரத்திலிருந்து சோடியத்தைச் சேர்த்து, கூடலின்போது பெண்ணுக்கு அதில் ஒரு பங்கைக் கொடுக்கின்றன. உறிஞ்ச ஆரம்பித்துவிட்டால் கவனம் முழுக்க மண்ணில்தான் இருக்கும். வயிற்றைத் தரையில் வைத்து, முழங்கையால் ஊர்ந்து போனால் ஐம்பது சென்டிமீட்டர் வரைகூட விடும். நின்றபடி வந்தால் எல்லாம் ஒன்றாக எழும்பிவிடும். எழும்பினாலும் ஓட வேண்டாம், அப்படியே இருங்கள். ஓரிரு நிமிடத்தில் ஒவ்வொன்றாக அதே ஈரத்துக்குத் திரும்பும்.

குன்றின் உச்சி இன்னொரு இடம். பல இனங்களின் ஆண்கள் உச்சியில் ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு பெண்களுக்காகக் காத்திருக்கும். வேறு ஆண் வந்தால் துரத்திவிட்டு அதே இலைக்கே திரும்பி வரும். அது உட்காரும் இலையைத் தெரிந்துகொண்டால், அது பறந்திருக்கும்போதே பக்கத்தில் போய் லென்ஸைத் தயாராக வைத்துக்கொள்ளலாம்.

பூக்களை எல்லோரும் பார்ப்பார்கள். அழுகிய பழம், மரத்தில் வடியும் பால், விலங்குச் சாணம் இவற்றையும் பாருங்கள். பூவுக்கே வராத பல இனங்கள் அங்கேதான் கிடைக்கும். புழுவின் உணவுச்செடியைத் தெரிந்துகொள்வது இன்னும் நல்லது. எருக்கு குடும்பத்துச் செடிகளில் வரியன்களும், எலுமிச்சை இனத்துச் செடிகளில் அழகிகளும் முட்டையிட வந்தே ஆக வேண்டும். ஒரு பெண் பூச்சி இலை இலையாக உட்கார்ந்து, முன்னங்காலால் தட்டிப் பார்த்துப் போவதைக் கண்டால், அது போன பிறகு அந்த இலைகளின் அடியைத் திருப்பிப் பாருங்கள்.

அணுகும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டுக்கண் கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் பார்க்கும், அசைவை உடனே பிடிக்கும். அதனால் பின்பக்கமாகப் பதுங்கிப் போவதால் பெரிய லாபம் இல்லை. மெதுவாக, நேர்கோட்டில், உயரத்தைக் குறைத்துக்கொண்டு, நிழல் அதன் மேல் விழாமல் போனால் போதும்.

நீலன்களிடம் ஒரு விஷயத்தைக் கிட்டேயிருந்து பார்க்க வேண்டும். பல நீலன்கள் உட்கார்ந்ததும் பின்னிறக்கைகளை மேலும் கீழுமாக மாறி மாறித் தேய்க்கும். பின்னிறக்கையின் ஓரத்தில் மயிரிழை போன்ற வாலும், அதனடியில் கருப்புக் கண்புள்ளியும் இருக்கும். தேய்க்கும்போது அந்த வால்கள் உணர்கொம்புகள்போல ஆடும், புள்ளி கண்ணாகத் தெரியும். கொத்த வரும் பறவைக்கும் பல்லிக்கும் தலை எது, வால் எது என்று குழம்பிவிடும். பின்னிறக்கையின் அந்த மூலை மட்டும் பிய்ந்துபோன நீலன்களை நிறையப் பார்க்கலாம். தப்பித்ததன் அடையாளம் அது. தானியங்கி ஃபோகஸும் இதே பொய்த்தலையில் போய் நிற்கும். ஆகவே ஃபோகஸ் புள்ளியை நீங்களே எடுத்து உண்மையான கண்ணில் வையுங்கள். இறக்கை மூடியிருந்தால் கேமராவின் பின்பக்கம் இறக்கைக்கு இணையாக இருக்கும்படி நின்றால், குறைந்த ஃபோகஸ் ஆழத்திலும் வால் முதல் உணர்கொம்பு வரை தெளிவாக வரும்.

ஃபிளாஷ் வேண்டுமா

பகலில் டெலியோடு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம். 1/500 நொடி, எஃப்/8, ஐ.எஸ்.ஓ.-வைத் தானாக விட்டுவிடுங்கள்; இன்றைய கேமராக்கள் தாங்கும். 1:1-க்குப் போகிறவர்களுக்கு ஃபிளாஷ் கிட்டத்தட்ட அவசியம். குறைந்த சக்தியில் அதன் ஒளி மிகக் குறுகிய நேரமே இருப்பதால் கை நடுக்கமும் காற்றாட்டமும் உறைந்துவிடும். ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் பெரிய, மெல்லிய வெள்ளை டிஃப்யூசரைப் பூச்சிக்கு முடிந்தவரை பக்கத்தில் கொண்டுவருவதுதான் இதில் முழு ரகசியமும். டிஃப்யூசர் இல்லாத ஃபிளாஷ் செதில்களின் பளபளப்பை வெள்ளைத் திட்டாக்கிவிடும். அந்தப் படத்தைவிடக் கொஞ்சம் மங்கலான இயற்கை ஒளிப் படமே மேல்.

இரவுக்கான வழிகள்

விளக்கு, இனிப்புத் தூண்டில், டார்ச் நடை. வழிகள் இந்த மூன்றுதான்.

அந்துப்பூச்சி விளக்கை நிலா என்று நினைத்து வருகிறது என்று பல காலம் சொல்லிவந்தோம். 2024-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு வேறு விளக்கம் தந்தது. சாமுவேல் ஃபேபியன், யஷ் சோந்தி ஆகியோரின் குழு அதிவேகக் கேமராக்களால் பூச்சிகளின் பறத்தலைப் பதிவு செய்தது. பறக்கும் பூச்சிகள் முதுகை வெளிச்சம் இருக்கும் பக்கம் திருப்புகின்றன. இயற்கையில் இரவிலும் வானமே பிரகாசமான பக்கம் என்பதால் அது சமநிலையைக் காக்கும் பழக்கம். விளக்கு பக்கவாட்டில் இருந்தால் அதே பழக்கம் அவற்றை விளக்கைச் சுற்றிச் சுற்றிப் பறக்க வைத்துச் சிக்கவைக்கிறது. படமெடுப்பவருக்கு இதிலிருந்து ஒரு பாடம்: விளக்கு தொலைவிலிருந்து பூச்சிகளை இழுத்துக்கொண்டு வருவதில்லை. அந்தப் பக்கமாகப் பறப்பதைத்தான் பிடித்து நிறுத்துகிறது. அதனால் எவ்வளவு பெரிய விளக்கு என்பதைவிட, எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். வெவ்வேறு தாவரங்கள் சந்திக்கும் காட்டோரத்தில் சிறிய விளக்கு போதும். அமாவாசையை ஒட்டிய, வெதுவெதுப்பான, காற்றில்லாத, மேகம் மூடிய இரவு வேண்டும்.

விளக்குகளுக்குள் பாதரச ஆவி விளக்கு பழைய ராஜா. புற ஊதாவும் நீலமும் ஏராளமாக வரும், பூச்சிகளும் ஏராளமாக வரும். ஆனால் மின் இணைப்போ ஜெனரேட்டரோ வேண்டும், கொதிக்கும், சூடான குமிழில் மழைத்துளி பட்டால் வெடித்துவிடும். இன்று புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு நான் புற ஊதா எல்.இ.டி.-யைத்தான் சொல்வேன். ஜெர்மனியின் ஜேனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னர் பிரேம் 2017-ல் அந்துப்பூச்சி ஆய்வுக்கென்றே வடிவமைத்து வெளியிட்ட எல்.இ.டி. விளக்கு, கைபேசிக்கு வைத்திருக்கும் பவர் பேங்கிலேயே ஓடுகிறது. தோளில் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம். புற ஊதா ஒளியை நேராகப் பார்க்க வேண்டாம். தடுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் துணிமேல் எடுத்த படம் ஆவணமாக நன்றாக இருக்கும், படமாக அவ்வளவு நன்றாக இருக்காது. வெள்ளையைப் பார்த்த கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கும் என்பதால் ஒளியளவை ஒரு படி கூட்டி வையுங்கள். விளக்கின் நீலச் சாயம் படத்தில் ஏறாமல் இருக்க, எடுக்கும்போது விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு டார்ச்சோ ஃபிளாஷோ பயன்படுத்தலாம். துணியோடு நிற்காமல் சுற்றிலும் ஐந்து மீட்டருக்கு மரப்பட்டை, இலை, கல் என்று தேடிப் பாருங்கள். வெளிச்சத்தின் நடுவுக்கு வராமல் ஓரத்தில் இறங்கும் பூச்சிகள் ஏராளம், அவை தமக்கேற்ற நிறத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். என் கண்ணுக்கு அந்தப் படங்கள்தான் உயிருள்ளவை.

இனிப்புத் தூண்டில் என்பது வெல்லம் அல்லது பழுப்புச் சர்க்கரை, அழுகிய வாழைப்பழம், கொஞ்சம் மது சேர்த்துக் காய்ச்சி, பொழுது சாயும்போது மரப்பட்டையில் பூசுவது. விளக்குக்கு வராத சில இனங்கள் இதற்கு வரும், பக்கத்தில் நின்று உறிஞ்சுகுழலை நீட்டிக் குடிப்பதையே எடுக்கலாம். ஆனால் அட்லஸ் அந்துப்பூச்சியைப் போன்ற பெரிய பட்டு வகைகளை இதில் எதிர்பார்க்காதீர்கள். வளர்ந்த பருவத்தில் அவற்றுக்கு வேலை செய்யும் வாயே இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் மிச்ச வாழ்நாளை ஓட்டுகின்றன. அவற்றுக்கு விளக்குதான், அதுவும் நள்ளிரவைத் தாண்டியும் காத்திருக்க வேண்டிவரும். தூண்டில் எல்லா இரவும் பலிக்காது. ஒரு நாள் மரமே மொய்க்கும், மறுநாள் எறும்பு மட்டும்தான்.

டார்ச்சோடு நடப்பதற்குச் செலவே இல்லை. இரவில் பூக்கும் வெண்பூக்களின் முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ஹாக் மாத் என்ற அந்துப்பூச்சிகளைப் பார்க்க இதுதான் வழி. சிவப்பு ஒளி அவற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

உட்கார்ந்திருக்கும் பெரிய அந்துப்பூச்சி இறக்கையை விரிக்காமல் படபடவென்று நடுங்க ஆரம்பித்தால் அதைக் கவனியுங்கள். பறக்கும் தசைகளை ஒன்றுக்கொன்று எதிராக இயக்கி, மார்பைச் சூடாக்கிக்கொள்கிறது. நடுக்கம் வேகமாகிக்கொண்டே போய், இறக்கை மங்கலாகத் தெரியும் அளவுக்கு வந்ததும் கிளம்பிவிடும். படமெடுக்க இன்னும் ஒரு நிமிடமோ, அதற்கும் குறைவோ இருக்கிறது என்பதற்கான அறிவிப்பு அது.

கைபேசி எங்கே ஜெயிக்கும்

விளக்குத் துணியில் கைபேசி எந்தக் கேமராவுக்கும் சளைத்ததில்லை. சென்சார் சிறியதாக இருப்பதால் ஃபோகஸ் ஆழம் தாராளமாகக் கிடைக்கும், பூச்சி முழுவதும் தெளிவாக வரும். பகலில் கதை வேறு. பல கைபேசிகளின் மேக்ரோ வசதி அகலக்கோண லென்ஸை வைத்து 2, 3 செ.மீ. தூரத்தில்தான் வேலை செய்கிறது. கைபேசியே வெளிச்சத்தை மறைத்துவிடும். டெலி லென்ஸ் உள்ள கைபேசி என்றால் மேக்ரோவை அணைத்துவிட்டு, தள்ளி நின்று டெலியில் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

அசையாமல் இருக்க வேண்டுமென்று பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். விடிகாலையில் எழுந்தால் இயற்கையே அதைச் செய்து தருகிறது. அதோடு, குளிர்ந்து மயங்கிய பூச்சி கால்களை வைக்கும் விதமே பொய்யாகத் தெரியும். விளக்கை ஒரே இடத்தில் தொடர்ந்து பல இரவுகள் போடாதீர்கள். விடியும் முன் அணைத்து, துணியில் இருப்பவற்றை மென்மையாகப் பக்கத்துப் புதருக்குள் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் பறவைகள் வந்து ஒன்று விடாமல் தின்றுவிடும், மறுநாளும் அதே இடத்தைத் தேடி வரும். சுற்றி நடக்கும்போது காலடியைப் பாருங்கள், தரையில் நிறைய உட்கார்ந்திருக்கும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் அனுமதி வாங்காமல் விளக்கோடு போகக் கூடாது.

அழகான படமா, அடையாளம் காட்டும் படமா

இந்த இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யாமல், எந்தப் பூச்சியைப் பார்த்தாலும் முதல் படத்தை அடையாளத்துக்கு எடுத்துவிடுங்கள். தூரத்திலிருந்து, பின்னணி மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு ஒவ்வொரு அடியாகக் கிட்டே போய் அழகைப் பார்த்துக்கொள்ளலாம். நீலன்களில் இனத்தைப் பிரிக்கும் கோடுகளும் புள்ளிகளும் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கின்றன, ஆகவே மேல்பக்கம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அடிப்பக்கம் இல்லாத படம் அரைகுறைதான். அந்துப்பூச்சிகளில் முன்னிறக்கையின் மேல்பக்கத்தை நேர் மேலிருந்து எடுங்கள். பின்னிறக்கை கொஞ்சம் வெளியே தெரிந்தால் அதையும் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலோ, அளவு தெரிந்த பொருளோ இருக்கும்படி ஒரு படம் இருந்தால் பிற்பாடு மிகவும் உதவும். எந்தச் செடியில், எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சில அந்துப்பூச்சிகளை உடலைக் கூறிட்டுப் பார்த்தால்தான் இனம் வரை பிரிக்க முடியும். அவற்றைப் பேரினத்தோடு நிறுத்தி, அப்படியே எழுதிவைப்பது நேர்மையான பதிவு. இன்னொருவர் அதே இடத்தில் அடுத்த ஆண்டு எடுக்கப்போகும் படத்துக்கு அது துணையாக நிற்கும்.